ரைபோசோம் கண்ட கதை: ஒரு நூலாராய்ச்சி

சிதம்பரத்திற் பிறந்த ஒருவருக்கு 2009ஆம் ஆண்டின் இரசாயன நோபெல் பரிசிற் பங்கு கிடைத்தது என்ற செய்தி வந்தபோது தமிழுலகெங்கும் எழுந்த ஆரவாரம் வாசகர்களுக்கு நினைவிருக்கும். 'நம்மவர்' என்ற ஒரு சொல்லே அன்று பலருக்கும் போதுமானதாயிருந்தது. அவர் கண்டது யாது, அதனை எங்ஙனம் கண்டார், அதனால் மனிதர்க்கு விளைந்த பயன் என்ன என்று கேட்டவர் மிகச் சிலரே. அக்கேள்விகளுக்கு அவரே விடையளித்து 2018இல் ஆங்கிலத்தில் வெளியிட்ட நூல் 'ஜீன் மெஷின்' என்பது. 'மரபணு இயந்திரம்' என்று அதன் பெயரைத் தமிழிற் சொல்லலாம். ஆசிரியர் வெங்கட்ராமன் ராமகிருஷ்ணன். நாம் இந்நூலை ஒருமுறைக்கு இருமுறை படித்தோம். அதைப்பற்றி நன்மொழியும் சொல்லவேண்டியிருக்கிறது, குறையும் சொல்லவேண்டியிருக்கிறது.

முதலில் அந்த 'நம்மவர்' என்னும் சொல்லைத் தீர்த்துவிட்டு அப்பாற் செல்வோம். அவர் 1952இல் சிதம்பரத்திற் பிறந்தது மெய். மூன்றாம் வயதிலேயே பரோடாவுக்குப் போய்விட்டதும் மெய். பள்ளிப்படிப்பில் பெரும்பகுதியும் கல்லூரிப்படிப்பும் அங்கேயே நிகழ்ந்தன. 1971இல் பௌதிகத்திற் பட்டம் பெற்றுப் பத்தொன்பது வயதில் அமெரிக்கா சென்றார். இவ்வளவும் இருக்க, பரிசுச் செய்தி வந்தவுடன், அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தில் அவருக்குத் தாம் பாடஞ் சொன்னதாகச் சிலர் உரிமை கொண்டாடத் தொடங்கினர். மூன்று வயதுக் குழந்தைக்கு எந்தப் பல்கலைக்கழகத்தில் இடங் கொடுப்பார்கள்? அவர் அதனை வெளிப்படையாகவே மறுத்தார். முன்பின் அறியாதவர்களின் கடிதங்கள் குவிந்து தமது மின்னஞ்சற் பெட்டியை அடைத்துவிட்டன என்று சலித்துக்கொண்டார். ஒருவன் இன்ன நாட்டிற் பிறப்பது தற்செயலான காரியம் என்றும் கூறினார். அது கேட்டுப் பலர் மனம் புண்பட்டனர். நாம் புண்படவில்லை. நம் பாட்டன்மார் நாகப்பட்டினத்திற் கப்பலேறிப் பினாங்கில் இறங்கினார்கள்; நம்மில் ஒருவர் ஈப்போவிலும் மற்றொருவர் சுங்கை சிப்புட் தோட்டத்து லயத்திலும் பிறந்தோம். பிறந்த இடம் எவரும் தேர்ந்தெடுத்ததன்று என்பதைத் தோட்டத்துத் தமிழரினும் நன்கறிந்தவர் யார்?

இன்னொன்று. இவரை 'வறுமையில் வாடி உயர்ந்த தமிழ்ப் பிள்ளை' என்று கூட்ட மேடைகளிற் பேச எண்ணுவோர் இந்நூலைப் படித்தால் ஏமாற்றமடைவர். இவருடைய தந்தையார் பரோடாப் பல்கலைக்கழகத்தில் உயிர்இரசாயனப் பேராசிரியர். தாயாரும் ஆராய்ச்சிப் பட்டம் பெற்ற அறிஞர். வீட்டிலே புத்தகமும் ஆராய்ச்சிப் பேச்சும் நிறைந்திருந்தன. தோட்டத்துப் பிள்ளைகளுக்குக் காட்டத்தக்க வறியவரின் கதை இந்நூலிற் கிடைக்கிறது. ஆனால் அது இவருடையதன்று. இவருடன் பரிசைப் பகிர்ந்துகொண்ட ஆடா யோனத் என்ற அம்மையாருடையது. 1939இல் ஜெருசலத்தில் பிறந்த அவ்வம்மையாரின் குடும்பம், வேறு இரு குடும்பங்களோடு ஒரே வீட்டைப் பகிர்ந்து குடியிருந்தது. சிறு வயதிலேயே தந்தையை இழந்து, தாயாருக்கு உதவியாக உழைத்துக்கொண்டே படித்தார். லயத்து அறையிலே மண்ணெண்ணெய் விளக்கருகிற் படித்த நம் முந்திய தலைமுறைக்கு உறவுள்ள கதை அந்த ஜெருசலத்துப் பெண்ணினுடையதே.

நிற்க. ரைபோசோம் என்பது என்ன?

முன்னாளில் அச்சுக்கூடங்களில் எழுத்துக் கோப்பவர் வேலை செய்ததைக் கண்டவர்களுக்கு இதனை விளங்கச் செய்வது எளிது. கோப்பவரின் எதிரே கையெழுத்துப் பிரதி இருக்கும். அதனைப் பார்த்துக்கொண்டே, அறையறையாகப் பிரிந்த பெட்டியிலிருந்து ஒவ்வோர் எழுத்தாக எடுத்து அடுக்குவார். ஓர் உயிரணுவுக்குள்ளே அவ்வேலையைச் செய்வதுதான் ரைபோசோம். கையெழுத்துப் பிரதியின் ஸ்தானத்தில் இருப்பது ஆர்.என்.ஏ. என்னும் நீண்ட இழை. மும்மூன்று குறிகளாக அது வாசிக்கப்படுகிறது. ஒவ்வொரு மூன்று குறிக்கும் ஓர் அமினோ அமிலம் என்பது விதி. 20 வகை அமினோ அமிலங்களே ஈயெழுத்துக்கள். அவற்றைத் தூக்கிக்கொண்டு வருவதற்கும் தனியே சிறு ஆர்.என்.ஏ. துணுக்குகள் உண்டு. ரைபோசோம் இரு பகுதிகளால் ஆனது. சிறிய பகுதி பிரதியை வாசித்து, வந்த எழுத்துச் சரியானதா என்று பார்க்கிறது. பெரிய பகுதி எழுத்தோடு எழுத்தைப் பிணைக்கிறது. அவ்வாறு கோக்கப்பட்ட சங்கிலிதான் புரதம். இரத்தத்தில் உயிர்க்காற்றைச் சுமக்கும் ஹீமோகுளோபினும், தசையும், சோற்றைச் செரிக்கச் செய்யும் பொருளும் புரதங்களே. பால்மரத்தில் ரப்பரை உண்டாக்கும் நொதிகளும் புரதங்களே. ஆதலின் கோலாகங்சாரில் 1877ஆம் ஆண்டு நடவிலிருந்து இன்றும் காட்டப்படுகின்ற அந்தக் கிழட்டு ரப்பர் மரத்தினுள்ளும் இந்த எழுத்துக் கோப்பவர்கள் இடையறாது வேலை செய்துகொண்டிருக்கிறார்கள்.

ஒரு பாக்டீரியாவின் ரைபோசோம் விநாடிக்கு 15 அல்லது 20 எழுத்துக்களைக் கோத்துவிடும். அதன் பருமனோ, ஒரு மில்லிமீட்டரை ஏறத்தாழ 50,000 கூறுகளாக்கினால் வரும் ஒரு கூறு. எந்தக் கண்ணாடியிற் பார்ப்பது? சாதாரண ஒளியின் அலை அதனைவிடப் பன்மடங்கு பெரிது. கடலலையைக் கொண்டு கூழாங்கல்லை அளக்க முடியுமா? ஆகவே மிகச் சிறிய அலையுள்ள எக்ஸ் கதிரை நாடவேண்டியதாயிற்று. அதற்குப் பொருள் படிகமாக இருத்தல் வேண்டும்.

இந்தப் படிகம் என்னும் விஷயத்தை ஆசிரியர் உப்பைக் காட்டி விளக்குவார்; நமக்கு வேறு உதாரணம் கையிலேயே இருக்கிறது. தோட்டத்திலே விடியற்காலைப் பெரட்டு உண்டல்லவா? ஆட்கள் வீட்டிலும் கடையிலும் தெருவிலுமாய்ச் சிதறியிருக்கும்போது கிராணியார் எவரையும் எண்ணவியலாது. பெரட்டுக் களத்தில் வரிசை வரிசையாய் ஒரே திசை நோக்கி நின்றால் ஒரு பார்வையில் எண்ணிவிடலாம். மூலக்கூறுகள் பெரட்டுக்கு நிற்பதுதான் படிகம். ஒன்றிலிருந்து சிதறும் கதிர் கண்ணுக்குப் புலப்படாது. கோடிக்கணக்கானவை ஒரே ஒழுங்கில் நின்று ஒரே விதமாய்ச் சிதறச் செய்தால் படத்தட்டிலே புள்ளிகள் தோன்றும். அப்புள்ளிகளைக் கணக்கிட்டு உருவத்தை மீட்க வேண்டும். ரப்பரிலேயே இதனைக் காட்டினார்கள். 1925இல் காட்ஸ் என்ற அறிஞர் ரப்பர்த் துண்டொன்றை இழுக்காமல் அதனூடே எக்ஸ் கதிரைச் செலுத்தியபோது மங்கிய வளையமே கிடைத்தது. இழுத்துப் பிடித்துச் செலுத்தியபோது, படிகத்துக்குரிய புள்ளிகள் தோன்றின. இழுப்பு ரப்பரின் இழைகளைப் பெரட்டில் நிறுத்திவிட்டது என்பதே அதன் பொருள். நம் முன்னோர் இரத்தத்தைச் சிந்தி எடுத்த பாலைக்கொண்டு உலகம் கற்ற பாடங்களில் இதுவும் ஒன்று. தோட்டப் பள்ளிகளில் இதனை எவரும் நமக்குச் சொல்லவில்லை.

உப்பு தானாகவே படிகமாகும். ரப்பரை இழுத்தால் போதும். ரைபோசோமோ அப்படிப்பட்டதன்று. சிறிய பகுதியில் மட்டும் ஏறத்தாழ 1,500 குறிகள் கொண்ட ஆர்.என்.ஏ. இழையும் இருபதுக்கு மேற்பட்ட புரதங்களும் ஒன்றோடொன்று பின்னிக் கிடக்கின்றன. பெரிய பகுதி அதனிலும் இருமடங்கு. நெளிந்தும் அசைந்தும் கொண்டிருக்கும் இப்பொருளைப் பெரட்டில் நிறுத்துவது இயலாத காரியம் என்றே பலரும் கைவிட்டிருந்த காலத்தில், 1980 வாக்கில், யோனத் அம்மையார் பெர்லினில் விட்மன் என்பவரின் துணையோடு பெரிய பகுதியின் முதற் படிகங்களை வளர்த்துக் காட்டினார். அந்தப் படிகங்கள் நல்லவை அல்ல. எக்ஸ் கதிர் பட்டவுடன் அழிந்தன. அம்மையார் பின்வாங்கவில்லை. படிகத்தைக் கடுங்குளிரில் உறையச்செய்து காக்கும் முறையை இப்பொருளில் வெற்றியாகக் கையாண்டவரும் அவரே. உப்பு மிகுந்த சாக்கடலில் வாழும் நுண்ணுயிரின் ரைபோசோமிலிருந்து மேலான படிகங்கள் அவர் கூட்டத்தாரிடம் உருவாயின. ரஷ்யாவில் புஷ்சினோ என்ற ஊரிலிருந்தவர்கள், வெந்நீரூற்றில் வாழும் தெர்மஸ் தெர்மோபிலஸ் என்னும் பாக்டீரியாவை எடுத்துக்கொண்டு சிறிய பகுதியைப் படிகமாக்கினார்கள். ஜப்பானின் ஊற்றொன்றில் அந்த உயிர் முதலிற் கண்டெடுக்கப்பட்டது. ஈப்போவுக்கு அருகே தம்பூனிலும், சுங்காய்க்கு அப்பால் சுங்கை கிளாவிலும் நாம் முட்டை அவித்து விளையாடும் வெந்நீரூற்றுகளைப் போன்றதோர் ஊற்று அது. கொதிக்குந் தறுவாயிலுள்ள நீரில் கலையாமல் நிற்கின்ற உறுப்புக்கள் ஆய்வுசாலையிலும் கலையமாட்டா என்பதே காரணம்.

ராமகிருஷ்ணன் இக்களத்துக்குள் வந்த வழி நேரானதன்று. நூலிற் சுவை மிக்க பகுதி அதுவே. பௌதிகத்தில் 1976இல் டாக்டர் பட்டம் பெற்றார். அதில் அவருக்கு மனம் ஒட்டவில்லை. பட்டத்தைப் பெற்ற கையோடு மறுபடியும் மாணவராகி, உயிரியலை அடியிலிருந்து இரண்டாண்டு படித்தார். ஒரு விஞ்ஞானப் பத்திரிகைக் கட்டுரையைப் பார்த்து, பீட்டர் மூர் என்பாருக்கு எழுதி, யேல் பல்கலைக்கழகத்தில் ரைபோசோம் ஆராய்ச்சியிற் சேர்ந்தார். பின்னர் ஆசிரியப் பதவிக்கு ஏறத்தாழ 50 இடங்களுக்கு விண்ணப்பித்து ஓரிடமும் கிடைக்கப்பெறவில்லை. புரூக்ஹேவன் ஆய்வுசாலையிலும், யூட்டாப் பல்கலைக்கழகத்திலும் இருந்துவிட்டு, 1999இல் சம்பளத்தைக் குறைத்துக்கொண்டு இங்கிலாந்தில் கேம்பிரிட்ஜுக்குப் போனார். உத்தியோகத்தின் உயரத்தை மாதச் சம்பளத்தால் அளக்கும் நம்மவர் இவ்வொரு செய்தியை நின்று படிக்க வேண்டும்.

பின்னர் வருவது பந்தயம். 1999 ஆகஸ்டில் ராமகிருஷ்ணன் கூட்டத்தார் சிறிய பகுதியின் தெளிவற்ற உருவத்தையும், யேலிலுள்ள தாமஸ் ஸ்டைட்ஸ், மூர் கூட்டத்தார் பெரிய பகுதியின் தெளிவற்ற உருவத்தையும் ஒரே பத்திரிகையின் ஒரே இதழில் வெளியிட்டனர். மறு மாதமே ஹாரி நோலர் என்பார் முழு ரைபோசோமின் மங்கிய உருவத்தைக் கொணர்ந்தார். 2000 ஆகஸ்டில் யேல் கூட்டத்தார் பெரிய பகுதியை அணுவணுவாகக் காட்டினர். செப்டம்பரில் சிறிய பகுதியை யோனத் கூட்டத்தாரும் ராமகிருஷ்ணன் கூட்டத்தாரும் சில நாட்கள் முன்பின்னாக வெளியிட்டனர். இருபதாண்டுச் சுமையை ஒருவர் தனித்துச் சுமந்து வந்து மலையுச்சி தெரியும் இடத்தை அடைந்தபோது, வேகமாக ஓடக்கூடிய மற்றவர்கள் வந்து சேர்ந்தனர் என்றே இதனைச் சொல்ல வேண்டும்.

இந்தப் பந்தயத்தை ஆசிரியர் மறைவின்றி எழுதுகிறார். விஞ்ஞானி என்றால் ஆசாபாசமற்ற முனிவர் என்று எண்ணியிருப்பவர்கள் திடுக்கிடுவார்கள். மற்றவர் முந்திவிடுவாரோ என்ற அச்சம், கூட்டங்களில் எவ்வளவு சொல்வது எவ்வளவு மறைப்பது என்ற கணக்கு, பொறாமை ஆகிய இவை எல்லாவற்றையும் தம் பேரிலேயே ஏற்றிச் சொல்லும் நேர்மை இந்நூலின் பெரும் பலம். தம்மிடம் வேலை செய்த இளைஞர்களான பில் கிளெமன்ஸ், பிரையன் விம்பர்லி, டிட்லெவ் பிராடர்ஸன், ஆண்ட்ரூ கார்ட்டர் ஆகியோரைப் பெயர் சொல்லி, யார் எதனைச் செய்தார் என்று பிரித்துக் காட்டுகிறார். மரத்துக்கு மரம் நடந்து பால் வெட்டியவரின் பெயர் எழுதப்படாமல், துரையின் பெயரே தோட்டத்துக்கு நின்ற நாட்டில் வாழ்கின்ற நமக்கு இது சிறு காரியமாகத் தோன்றாது.

ஆனால், நேர்மையாகச் சொல்லப்பட்ட கதையும் ஒரு பக்கத்திலிருந்து சொல்லப்பட்ட கதையாகவே இருக்கலாம். யோனத் அம்மையாரே முன்னோடி என்பதை ஆசிரியர் ஒப்புக்கொள்கிறார். ஆனால் ஒப்புக்கொள்ளும் பக்கங்களில் ஒரு குளிர்ச்சி இருக்கிறது. அம்மையாரைப் பெரும்பாலும் மேடையிலே, கூட்டத்திலே, போட்டியாளராகவே பார்க்கிறோம். பிறர் நகைத்த ஆண்டுகளில் நள்ளிரவு ஆய்வுசாலையில் அவர் என்ன எண்ணியிருந்தார் என்பது அகப்படவில்லை. அது ஆசிரியரின் குற்றமன்று; எதிரணியின் மனத்துள் எவர் புகமுடியும்? ஆயினும் வாசகர் இதனை நினைவில் வைத்துப் படித்தல் நலம்.

கண்டுபிடிப்பின் சாரத்துக்கு வருவோம். உயிரணுவில் வேலை செய்பவை புரதங்களே என்று அறிஞர் நெடுங்காலம் நம்பினர். அப்படியாயின் முதற் புரதத்தைக் கோத்தது எது என்ற கேள்வி மரமா விதையா என்பதுபோல் நின்றது. நோலர் பல ஆண்டுகளாக, ரைபோசோமின் உயிர்நாடி அதன் ஆர்.என்.ஏ.யே என்று சொல்லிவந்தார். பெரிய பகுதியின் உருவம் தெரிந்தபோது, எழுத்தோடு எழுத்தைப் பிணைக்கும் அந்த இடத்தின் அருகில் புரதமே இல்லை, சுற்றிலும் ஆர்.என்.ஏ.யே இருந்தது. புரதம் தோன்றுமுன்னரே ஆர்.என்.ஏ. வேலை செய்திருக்க முடியும் என்பதற்கு இதனிலும் வலிய சான்று வேண்டியதில்லை. உயிரின் தோற்றத்தைப் பற்றிப் பேசுவோர் இனி இப்படத்தைப் பாராமற் பேசுதல் இயலாது. சிறிய பகுதியை ஆராய்ந்த ராமகிருஷ்ணன் கூட்டத்தார், வந்த எழுத்துப் பிரதியோடு பொருந்துகிறதா என்பதை அது எவ்வாறு தடவிப் பார்த்து அறிகிறது என்று காட்டினர். பொருந்தினால் ஆர்.என்.ஏ.யிலுள்ள இரண்டு குறிகள் வெளியே மடங்கி அந்த இணைப்பை அளக்கின்றன. குருடர் ஒருவர் நாணயத்தை விரலால் அளந்து பத்துக் காசா இருபது காசா என்று அறிவதைப் போன்றது அது.

இதனால் நமக்கென்ன என்று கேட்போருக்கு, இந்நூலோடு சேர்த்து நம் நாட்டு வைத்திய வரலாற்றையும் படிக்கச் சொல்வோம். லாலான் புல்லும் எலியும் மலிந்த இடங்களில், உண்ணி போன்ற ஒரு சிறு பூச்சி கடித்து வருகின்ற ஒருவகை டைபஸ் காய்ச்சல் தோட்டங்களில், சிறப்பாகச் செம்பனைத் தோட்டங்களில், ஆட்களைத் தாக்கிவந்தது. கோலாலம்பூர் வைத்திய ஆராய்ச்சி நிலையத்தார் 1920களிலிருந்தே அதனை ஆராய்ந்தனர். லூத்வெயிட் என்ற ஆங்கிலேயரும் சவூர் என்ற இந்திய வைத்தியரும் அதிற் பெயர் பெற்றவர்கள். 1948இல் ஸ்மேடல் என்பாரின் தலைமையில் அமெரிக்கக் குழு ஒன்று குளோரோமைசெட்டின் என்ற புதுமருந்தோடு கோலாலம்பூருக்கு வந்து, அந்நிலையத்தாருடன் கூடி அக்காய்ச்சல்காரர்களுக்குக் கொடுத்துப் பார்த்தது. குணங் கண்டது. அவ்வாறு கொடுக்கும்போதே, டைபாய்டு என்னும் குடற்காய்ச்சலுக்கும் அதே மருந்து வேலை செய்வது தெரியவந்தது. அதுவரை டைபாய்டுக்குக் குறிப்பான மருந்தே கிடையாது. உலகுக்கு அம்மருந்து கிடைத்தது இம்மண்ணிற் படுத்துக்கிடந்த நோயாளிகளால்.

மருந்து வேலை செய்தது. எங்ஙனம் வேலை செய்தது என்பது கண்ணால் காணப்படவில்லை. 2001இல் யோனத் கூட்டத்தார், குளோரோமைசெட்டின் பெரிய பகுதியில் எழுத்துப் பிணைக்கும் இடத்திலே புகுந்து, அமினோ அமிலம் அமர வேண்டிய இருக்கையில் தான் அமர்ந்துகொள்கிறது என்று படம் பிடித்துக் காட்டினர். 53 ஆண்டு கழிந்து விடை வந்தது! அதே காய்ச்சலுக்கு இப்போது பெரிதும் வழங்கும் டாக்ஸிசைக்ளின், டெட்ராசைக்ளின் குடும்பத்தது; அக்குடும்பம் சிறிய பகுதியில் எங்கே ஒட்டுகிறது என்பதை ராமகிருஷ்ணன் கூட்டத்தார் 2000இல் காட்டினர். சயரோகத்துக்கு முதன்முதல் வந்த உறுதியான மருந்தாகிய ஸ்ட்ரெப்டோமைசின், 1943இல் கண்டெடுக்கப்பட்டது. அதன் பிடிப்பையும் அவர்களே காட்டினார்கள். சயரோகம் லயங்களிலே எத்தனை குடும்பங்களைச் சிதைத்தது என்பதைத் தோட்டத்தார்க்கு எவரும் எடுத்துச் சொல்லவேண்டியதில்லை. ராமகிருஷ்ணனின் தங்கையார் லலிதா ராமகிருஷ்ணன் அந்நோயையே கேம்பிரிட்ஜில் ஆராய்ந்து வருகிறார் என்பதையும் சொல்லிவைக்கிறோம். இம்மருந்துகள் பாக்டீரியாவைக் கொன்று மனிதரை விட்டுவிடுவதற்குக் காரணம், நம் ரைபோசோம் வேறு, அதன் ரைபோசோம் வேறு என்பதே. ஆனால் நம் உயிரணுவுக்குள்ளிருக்கும் மைட்டோகாண்டிரியாவின் ரைபோசோம் பாக்டீரியாவினதைப் பெரிதும் ஒத்தது. குளோரோமைசெட்டின் சிலரின் எலும்புமூளையைத் தாக்கியமைக்கும், வைத்தியர்கள் அதனைத் தயக்கத்தோடு கையாளத் தொடங்கியமைக்கும் அது ஒரு காரணம்.

மருந்துகளுக்கு ஆசிரியர் ஒதுக்கிய பக்கங்கள் நமக்குப் போதவில்லை. பந்தயத்துக்குக் கொடுத்ததிற் காற்பங்கையாவது நோயாளிக்குக் கொடுத்திருக்கலாம். கருவிகளையும் கணக்குகளையும் சொல்லும் இடங்களிற் சில, பௌதிகம் படியாதார்க்குக் கல்லாகக் கடிக்கும். புள்ளிகளிலிருந்து உருவத்தை மீட்கக் கனமான உலோக அணுக்களைப் படிகத்துக்குள் ஊறவைக்கும் பகுதி அத்தகையது. அங்கே தயங்குவோர் இரண்டு பக்கம் தள்ளிப் படிக்கலாம், கதை அறுபடாது.

கடைசிப் பகுதி பரிசுகளைப் பற்றியது. பரிசு வருமா என்று ஏங்குவதை ஒரு நோயாகவும், வந்தபின் எதைப்பற்றியும் அபிப்பிராயம் சொல்லத் தொடங்குவதை மற்றொரு நோயாகவும் ஆசிரியர் எள்ளி நகையாடுகிறார். நோபெல் பரிசை மூவருக்கு மேல் பங்கிடலாகாது என்ற விதியால் நோலரும் மூரும் விடுபட்டனர். அவ்விருவரும் இல்லாமல் இக்கதை இல்லை என்பதை நூலைப் படித்த எவரும் ஒப்புவர். 2009இல் விடுபட்ட மற்றொருவரான ஜோவாகிம் ஃபிராங்க், உறையச்செய்த மூலக்கூறுகளை எலக்ட்ரான் நுண்ணோக்கியால் பார்க்கும் முறைக்காக 2017இல் பரிசு பெற்றார். அம்முறை வளர்ந்தபின் ரைபோசோமைக் காண இப்போது பெரும்பாலும் படிகமே வேண்டாமலாயிற்று. இருபதாண்டு பாடுபட்டு வளர்த்த படிகங்கள் அலமாரிக்குப் போயின. ராமகிருஷ்ணனும் அந்தப் புதுமுறைக்கே மாறினார். அதனை அவர் வருத்தமின்றி எழுதுகிறார். ஸ்டைட்ஸ், நூல் வெளிவந்த 2018ஆம் ஆண்டிலேயே காலமானார்.